பத்தாம் தேதி

பத்திரிகை தொடங்கப் போகிறேன் என்று என்னைத் தேடி வரும் இளைஞர்களிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை. கவிதை, தலையங்கம், அட்டைப்படம் எல்லாம் அப்புறம். அந்தச் சட்டம் இன்று இல்லை. 2023-ல் இயற்றிய புதிய அஞ்சல் சட்டம் மறு ஆண்டு ஜூனில் நடைமுறைக்கு வந்ததும் பழையது போய்விட்டது. இருந்தும் படிக்கச் சொல்கிறேன். கோவில்பட்டியில் 1981-லிருந்து ஒரு வட்டார மாத இதழை நான் வெளியிட்டு வந்த காலத்தில் என்னை நடத்தியது அந்தப் பிரிவுதான்.

அது கேட்டது இரண்டே காரியம். இதழுக்கும் இதழுக்கும் நடுவே 31 நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. உண்மையான சந்தாதாரர் பட்டியல் ஒன்று இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் உங்கள் இதழ் பதிவு பெற்ற செய்தித்தாள். கோட்டக் கண்காணிப்பாளரிடம் பதிவு எண் வாங்கி, அதை ஒவ்வொரு பிரதியிலும் அச்சிட்டு, குறித்த தேதியில் குறித்த ஆபீஸில் கட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் சலுகைக் கட்டணம். 50 கிராமுக்குள் இருக்கும் ஒரு பிரதி 25 காசுக்குக் காஷ்மீர் வரைக்கும் போகும். தேதி தவறினால் புக் போஸ்ட். அது பல மடங்கு. எங்கள் தேதி பத்து. ஆங்கில மாதம் பத்தாம் தேதி, அன்று விடுமுறை என்றால் மறுநாள்.

இதழில் உள்ளே 32 பக்கம், மேலே நாலு பக்க அட்டை. ஏன் 32 என்று வாசகர்கள் கேட்பார்கள். 48 ஆக்கலாமே, சந்தாவை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று உரிமையோடு எழுதுவார்கள். டபுள் கிரவுன் தாளில் எட்டில் ஒன்று அளவு எங்கள் இதழ். நியூஸ் பிரிண்டில் 32 பக்கமும் அட்டையும் சேர்ந்து 50 கிராமுக்குச் சற்றே உள்ளே நிற்கும். இன்னும் எட்டுப் பக்கம் சேர்த்தால் தாண்டிவிடும். அப்புறம் தபால் செலவு இரட்டிப்பு. எங்கள் கரிசல் காட்டுக் கதைகள் அத்தனையும் இந்த எடைக்குள் அடங்கித்தான் வந்தன. அளவு குறுகியதால் எழுத்து கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. நீட்டி எழுதும் ஆசையுள்ள பலரை அந்த 50 கிராம் செம்மையாக்கியிருக்கிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது எழுத்தாளனாக அல்ல, கம்பாசிட்டராக. 1974-ல் பள்ளிக்கூடம் முடித்த கையோடு மாமா ஒருவர் சொல்லி ஒரு ஜாப் பிரஸ்ஸில் சேர்த்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், பங்குனித் திருவிழா நோட்டீஸ், கட்சிக் கூட்டத் துண்டறிக்கை. இவைதான் அங்கே வேலை. நின்றுகொண்டே, இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்து, வலது கையால் கேஸிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாக, இடவலமாகக் கோக்க வேண்டும். கண் காகிதத்தில் இருக்கும். கை தானாக அறைக்குப் போகும். ஒரு வருஷத்தில் அது படிந்துவிடும். படியாதவர்கள் பைண்டிங் பக்கம் போய்விடுவார்கள்.

அந்த வேலையிலிருந்து நான் கற்றது, ஒரு பத்திரிகையின் அமைப்பு ஆசிரியரின் மேசையில் மட்டும் தீர்மானமாவதில்லை என்பதை. எங்கள் பிரஸ்ஸில் இருந்த எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் காணும். எட்டுப் பக்கம் கோத்து, புரூப் பார்த்து, திருத்தி, பாரம் கட்டி மெஷினில் ஏற்றி, தாளின் இரண்டு புறமும் அதே பாரத்தை அடித்து, தாளைப் பாதியாக வெட்டினால் ஒரு தாளில் இரண்டு பிரதிக்கான எட்டுப் பக்கம் கிடைக்கும். ஆயிரம் பிரதிக்கு ஒரு ரீம். அடித்து முடிந்ததும் பாரத்தை அவிழ்த்து, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, எழுத்துகளைப் பிரித்து மறுபடி அந்தந்த அறையில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கத்துக்குக் கை வைக்க முடியும். ஆக, மாதத்தில் நாலு முறை கோத்து நாலு முறை பிரிக்க வேண்டும்.

நடுவில் பின் அடிக்கும் இதழில், நடுப் பாரம் தவிர, ஒரு பாரத்தின் எட்டுப் பக்கமும் தொடர்ச்சியாக வராது. நடுப்பக்கங்கள் ஒரு பாரம். முதல் நாலு பக்கமும் கடைசி நாலு பக்கமும் சேர்ந்து இன்னொரு பாரம். அதனால் நாங்கள் உள்ளேயிருந்து வெளியே வந்தோம். சிறுகதையும் தொடரும் நடுவில். மாதத் தொடக்கத்துக்கு முன்பே கோத்து அடித்துவிடலாம். தலையங்கமும், மழைக் கணக்கும், பருத்தி விலையும், இறந்தவர்கள் பற்றிய குறிப்புகளும் வெளிப் பாரம். எட்டாம் தேதி ராத்திரி வரை மாற்றலாம். தலையங்கத்தை முன்னாலும் இறந்தவர் பக்கத்தைப் பின்னாலும் வைத்தது நல்ல யோசனை என்று ஒரு பேராசிரியர் பாராட்டி எழுதினார். யோசனை எட்டுப் பக்கத்துக்கு மட்டும் எழுத்து வைத்திருந்த பிரஸ்ஸுடையது.

எழுத்துப் பற்றாக்குறை வேறு விதமாகவும் வரும். எங்கள் போர்மேன் அண்ணாச்சி நாலாம் பாரத்தில் வந்து நிற்பார்.

"தம்பி, 'ன்' தீந்துபோச்சு. இந்தப் பத்தியில மட்டும் ஏழு 'அவன்' கெடக்கு. ரெண்ட எடுத்திருங்களேன்."

"அண்ணாச்சி, எழுதுன வாத்தியாரு சண்டைக்கு வருவாரு."

"பேரப் போட்டுருங்க. பேருல 'ன்' இல்லல்லா?"

கதாநாயகன் பெயர் 'சுப்பையா' என்பதால் அன்றைக்குப் பிழைத்தோம். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோதும் எங்களைப் போன்ற பிரஸ்கள் உடனே மாறவில்லை. னை, லை, ணா, றா எல்லாம் புது வடிவில் கோக்க வழியிருந்தாலும் பழைய வார்ப்புகள் கையில் கிடந்தன. எழுத்தைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கியவன் அது தேயும்வரை பயன்படுத்துவான். எங்கள் தொடக்க கால இதழ்களில் ஒரே பக்கத்தில் பழைய 'லை'யும் புது 'லை'யும் கலந்து கிடக்கும். நூலகத்தில் அதைப் பார்க்கும் ஆராய்ச்சி மாணவர்கள் கொள்கைக் குழப்பம் என்று எழுதிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

பத்திரிகை தொடங்கும் எண்ணம் அந்த ஜாப் பிரஸ்ஸில்தான் வந்தது. எங்களுக்குக் கிழக்கே எட்டயபுரம், மேற்கே கழுகுமலை, கோவில்பட்டிக்கு மிக அருகே இடைசெவல். பாரதி பிறந்த ஊர், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் எல்லாம் ஒரு சைக்கிள் மிதிக்குள். ஆனால் விளாத்திகுளத்தில் மழை பெய்ததா, நாகலாபுரத்தில் மிளகாய் என்ன விலை போனது, பசுவந்தனையில் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வந்தாரா என்று அச்சில் பார்க்க வழியில்லை. திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ்களில் எங்களுக்கு அரைக் காலம் கிடைத்தால் அதிகம். அதுவும் விபத்தாக இருக்கும், இல்லையென்றால் அமைச்சர் வருகையாக இருக்கும்.

பெயருக்கு மூன்று யோசனை எழுதி, அதிகாரிகள் வழியாக டெல்லிக்கு, பத்திரிகைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இதே பெயரில் வேறு யாரும் நடத்தவில்லை என்று அங்கிருந்து சரிபார்த்து வந்த பிறகு, கோட்டாட்சியர் முன்னால் நின்று 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் மூன்று இடத்திலும் என் பெயர். அப்போது எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டம். 1986-ல்தான் தனி மாவட்டம் பிரிந்தது. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் நாலாம் படிவம் என்று உடைமை விவரத்தை அச்சிட வேண்டும். பல சிற்றிதழ்கள் இதை மறந்துவிடும். நாங்கள் மறந்ததில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் பிரதி அனுப்பவும் தவறியதில்லை. கழுகுமலைக் கொல்லர் ஒருவரைப் பற்றி நாங்கள் எழுதிய பக்கம் சென்னையில் ஒரு நூலகத் தட்டில் பத்திரமாக இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அந்தக் கொல்லர் வந்தது இறந்தவர் பக்கத்தில். எங்கள் இதழின் உயிர் எது என்று கேட்டால் தயங்காமல் அதைத்தான் சொல்வேன். பெரிய பத்திரிகைகளில் இரங்கல் குறிப்பு வர வேண்டுமென்றால் ஒன்று நீங்கள் புகழ்பெற்றவராக இருக்க வேண்டும், அல்லது உங்கள் பிள்ளைகள் விளம்பரக் கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்துக்குக் காசு கிடையாது, புகழும் தேவையில்லை. என்ன வேலை செய்தார், அந்த வேலையில் அவருக்கு மட்டும் தெரிந்தது என்ன, யாருக்குக் கற்றுக்கொடுத்தார். இந்த மூன்றும் வேண்டும். "அன்னார் நற்பண்புகள் மிக்கவர்" என்று வரும் வாக்கியத்தை எல்லாம் அடித்துவிடுவேன்.

இந்த விதி வைத்ததும் வந்து விழுந்தது பாருங்கள், அது பொக்கிஷம். பிள்ளை குறுக்கே கிடந்தால் வயிற்றை எப்படி நீவுவது என்று தெரிந்த மருத்துவச்சி. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றும் பதத்தை நிறத்தை வைத்தே சொன்ன கொல்லர். ஒயிலாட்டத்துக்கு ஐம்பது ஊரில் பிள்ளைகளைப் பழக்கிய வாத்தியார். கிணறு வெட்ட மண்ணை மோந்து பார்ப்பவர். ஊருக்கு ஊர் ஆட்டுக் கிடை போட்டு, எந்தப் புஞ்சைக்கு எத்தனை நாள் கிடை வேண்டும் என்று கணக்குச் சொன்ன கீதாரி. பேரன்மார் எழுதி அனுப்புவார்கள்; பள்ளி ஆசிரியர்கள் கேட்டு எழுதித் தருவார்கள். பேச்சு எப்படி இருந்ததோ அப்படியே போட்டோம். கி.ரா. கரிசல் வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதி கொண்டுவந்த காலம் அது. சம்சாரி என்று நாங்கள் சொல்லும் விவசாயியின் பேச்சை அச்சில் போடக் கூசாதவர்களாக எங்களை ஆக்கியது அவர் செய்த வேலை. வாழ்க்கையில் ஒரு முறைகூடப் பத்திரிகை வாங்காத குடும்பங்கள், தாத்தாவின் பக்கத்துக்காக இதழ் வாங்கி, பிறகு அடுத்த வீட்டுத் தாத்தாவின் பக்கத்துக்காகச் சந்தா கட்டினார்கள்.

சந்தாவுக்கு வருகிறேன். ஊரில் எல்லோரும் ஜனவரி முதல் டிசம்பர் வரை சந்தா ஆண்டு வைத்திருந்தார்கள். கரிசலில் அது நடக்காது. மானாவாரி பூமி. புரட்டாசி ஐப்பசியில் விதைப்பு. மார்கழி தையில் கையில் இருப்பதெல்லாம் காட்டுக்குள் கிடக்கும். பருத்தி வெடித்து, மிளகாய் காய்ந்து சந்தைக்குப் போவது மாசி, பங்குனியில். அப்போதுதான் சம்சாரி வீட்டில் பணம் நடமாடும். எங்கள் சந்தா ஆண்டு பங்குனியில் முடிந்து சித்திரையில் தொடங்கும்படி வைத்தோம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் எத்தனை பேர் புதுப்பிக்க மாட்டார்கள் என்று ஐப்பசியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். சித்திரைக்குத் தாள் ஆர்டரை அதற்கேற்பக் குறைத்துக்கொள்வேன். 1901-ல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே மழை அளவை விசாரிக்கப் போவது எனக்குச் செய்தி சேகரிப்பு மட்டுமல்ல, வரவு செலவுத் திட்டமும்தான்.

பணம் மணியார்டரில் வரும். மணியார்டர் படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு சிறு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் வாசகர்கள் எழுதியதைப் போன்ற விமரிசனத்தை எந்த இலக்கியக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. "ஆவணிக் கதை சரியில்லை. உழவு மாட்டுக்கு அந்த வயசில் பல் அப்படி இருக்காது." "அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அழுதாள், சந்தா ரூ. 24." "மகள் கட்டிக்கொடுத்த ஊருக்கு முகவரி மாற்றவும். அவள் பெயருக்கே அனுப்பவும், மாப்பிள்ளை பெயருக்கு வேண்டாம்." அந்தத் துண்டுகளைக் கிழித்துத் தனியாகக் கோத்து வைத்திருக்கிறேன். நூலகத்துக்குக் கொடுக்கும் உத்தேசம் உண்டு, அதில் தனிப்பட்ட துக்கங்கள் நிறைய இருப்பதால் இன்னும் மனம் வரவில்லை.

முகவரி மாற்றம்தான் எங்கள் வேலையில் பாதி. கரிசல் ஜனங்கள் இருந்த இடத்தில் இருப்பவர்கள் அல்ல. பிழைப்புக்குப் பம்பாய் தாராவிக்குப் போனவர்கள், மில் வேலைக்குக் கோவை போனவர்கள், பட்டாளத்துக்குப் போனவர்கள். பட்டாளத்துக்காரர்களின் முகவரி எனக்குப் பிடித்தமானது: எண், பெயர், படைப்பிரிவு, மே/பா 56 ஏ.பி.ஓ. அவர் சியாச்சினில் இருக்கிறாரா ராஜஸ்தானில் இருக்கிறாரா என்று நமக்குத் தெரியாது. இதழ் போய்ச் சேரும். "இங்கே மழைக் கணக்குப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய காட்டில் மழை பெய்ததா என்று அவருக்கு வேறு யார் சொல்வார்கள்?

ஒன்பதாம் தேதி வீடே தபால் ஆபீஸாகிவிடும். என் மனைவி மைதா பசை காய்ச்சுவாள். பூச்சி வராமல் இருக்கத் துத்தம் ஒரு சிட்டிகை. சந்தாப் பேரேட்டைப் பின்கோடு வாரியாகப் பிரித்து எழுதி வைத்தவளும் அவள்தான். பெயர் அகர வரிசையில் வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் கட்டுக் கட்டும்போது உதவாது என்று கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். 628-ல் தொடங்குவது ஒரு சாக்கு, 627 ஒரு சாக்கு, 626 ஒரு சாக்கு, மதராஸ் தனி, வெளி மாநிலம் தனி. அப்படிப் பிரித்துக் கொண்டுபோனால் ரயில் தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் ஒரு நாள் மிச்சம். சுற்று வட்டாரக் கடைகளுக்கு பஸ்ஸில் போகும். விளாத்திகுளம் வண்டி, சங்கரன்கோவில் வண்டி, சாத்தூர் வண்டி என்று கண்டக்டர்கள் கட்டை வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். கடைக்காரர் கமிஷன் போக, விற்காத பிரதி திரும்பி வரும். கடை விற்பனையை நான் பெரிதாக நம்பியதில்லை. இதழ் கண்ணில் பட வேண்டும், அதற்கு மட்டும் கடை. சோறு போடுவது சந்தா.

சந்தாவிலும் ஆயுள் சந்தா மட்டும் வாங்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். நெருக்கடி வந்த இதழ்காரர்கள் எல்லோரும் போகும் வழி அது. மொத்தமாக ஒரு தொகை வரும். பிரஸ் பாக்கிக்குப் போய்விடும். அந்த வாசகருக்கு அடுத்த இருபது வருஷம் இதழ் அனுப்பும் செலவை யார் தலையில் கட்டுவது? அடுத்து வரும் சந்தாதாரர் தலையில். அவர் வராவிட்டால் இதழ் நிற்கும். நல்ல மனிதர்கள், நல்ல ரசனை உள்ளவர்கள் இப்படி முடங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

விளம்பரத்தின் கதை வேறு. எங்கள் ஊரின் தொழில் தீப்பெட்டி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தீப்பெட்டி ஆபீஸ்காரர்களின் வாழ்த்து விளம்பரம் இல்லாமல் உள்ளூரில் மலர் எதுவும் வராது. எண்பதுகளில் தொழிற்சாலை பஸ்கள் விடியுமுன்பே கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். பெண் பிள்ளைகள்தான் அதிகம். குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட, எண்ணிக்கைக்குக் கூலி. ஒரு கிராமத்து ஆசிரியர் தன் வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்து எங்களுக்கு ஒரு கட்டுரை எழுதினார். எந்தப் பிள்ளை எந்த மாதத்தில் வராமல் நின்றாள், அந்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது, அவ்வளவுதான் எழுதியிருந்தார். மழை பொய்த்த மாதமும் பிள்ளை நின்ற மாதமும் ஒன்றாக இருந்தது. பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு, மற்றதை ஒரு வரி குறைக்காமல் போட்டேன்.

அடுத்த தீபாவளிக்கு விளம்பரம் வரவில்லை. யார் யார் நிறுத்தினார்கள் என்று பெயர் சொல்வது இப்போது யாருக்கும் பயன்படாது. அவர்களில் சிலர் பின்னாளில் என்னிடம் வந்து வருத்தம் தெரிவித்தார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1996-ல் எம்.சி. மேத்தா வழக்கில் சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதெல்லாம் பெரிய இடத்துக் காரியங்கள். எங்கள் மட்டத்தில் நடந்தது இது: அந்த வருஷம் எங்களைக் காப்பாற்றியது வருஷத்துக்கு 24 ரூபாய் கட்டியவர்கள். விளம்பரம் தருபவர்கள் பத்துப் பேர் ஒரே நாளில் பேசி முடிவெடுக்கலாம். ஐந்நூறு கிராமத்தில் சிதறிக் கிடக்கும் சந்தாதாரர்களை யாராலும் கூட்டி முடிவெடுக்கச் செய்ய முடியாது. அதிலும் பல பேர் வீட்டிலிருந்தே பிள்ளைகள் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் சந்தாவை நிறுத்தவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிற்றிதழ் என்றால் நாலைந்து இதழ் வந்து நின்றுபோவதுதான் இயல்பு, அதில்தான் ஒரு கௌரவம் என்று பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு இது உடன்பாடில்லை. சந்தா வாங்கிய பிறகு இதழை நிறுத்துவது ஒரு சம்சாரியிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் விடுவது. சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழை 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார்; புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளியாக இருந்த டொமினிக் ஜீவா 1966-ல் 'மல்லிகை' தொடங்கினார். ஊரடங்கு, போர், இடப்பெயர்வு எல்லாவற்றுக்கும் நடுவே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நடத்தினார். தெருவில் நின்று தன் கையாலேயே விற்றார். இவர்களைப் பற்றிப் பேசும்போது இலக்கியக் கொள்கையைப் பேசுகிறோம், தியாகத்தைப் பேசுகிறோம். அடுத்த இதழுக்கு அவர்கள் தாள் வாங்கியதையும் முகவரி எழுதியதையும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அவர்கள் ஆசானானது அந்த வகையில்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஈய எழுத்தை விட்டு கம்ப்யூட்டருக்கும் ஆஃப்செட்டுக்கும் மாறினோம். போர்மேன் அண்ணாச்சிக்கு அப்போது வயதாகியிருந்தது. கம்ப்யூட்டர் முன் உட்கார மறுத்துவிட்டார், ஆனால் புரூப் பார்க்கத் தினமும் வந்தார். ஈயத்தில் ஒரு பிழையைத் திருத்த எவ்வளவு பாடு என்று தெரிந்த கண் அது. கம்ப்யூட்டரில் தட்டும் பையன்களுக்கு வராத கவனம். அச்சடிக்க சிவகாசிக்குப் போனோம். அங்கே வேறொரு பஞ்சாங்கம். ஆடிப் பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதற்குப் பிறகு மார்கழி வரை ஊர் முழுக்க காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை. ஆயிரத்துச் சொச்சம் பிரதிக்காரனைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது. பணம் கட்டினாலும் பிளேட் ஒரு மூலையில் கிடக்கும். அதனால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று இதழ்களின் உள் பாரங்களையும் ஆடிக்கு முன்பே அடித்து வைத்துவிட்டு, வெளிப் பாரத்தை மட்டும் மாதா மாதம் உள்ளூரில் ஒரு சின்ன மெஷினில் அடித்தோம். ஈய எழுத்துக் காலத்தில் வறுமையால் கற்ற முறை ஆஃப்செட் காலத்திலும் தேதியைக் காப்பாற்றிக் கொடுத்தது.

2015-ல் பழைய மணியார்டர் முறை நின்றது. பணம் அனுப்ப வேறு வழி வந்தது. அந்தச் சிறு கட்டம் வரவில்லை. 2020 ஏப்ரல் இதழ் அச்சாகவில்லை. நாடு முழுக்க அடைத்துக் கிடந்தது. பிரஸ் திறக்க முடியாது, பஸ் கிடையாது. பேரேட்டை வைத்துக்கொண்டு நானும் மனைவியும் தொலைபேசி எண் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சந்தா மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது என்று சொன்னோம். பெரும்பாலானவர்கள் சந்தாவைப் பற்றிப் பேசவே இல்லை. ஊரில் யார் யார் இறந்தார்கள் என்று கேட்டார்கள். அந்த விவரத்தையெல்லாம் குறித்து வைத்து, அச்சகம் திறந்ததும் வந்த முதல் இதழில் வெளிப் பாரத்தின் எட்டுப் பக்கத்தையும் அதற்கே கொடுத்தோம்.

இப்போது இதழை நடத்துவது என் தங்கை மகள். நூலக அறிவியல் படித்தவள். 2024 மார்ச்சில் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எல்லாம் இணையத்தில். கோட்டாட்சியர் அலுவலகப் படியேறும் வேலையில்லை. அதையெல்லாம் அவளே பார்த்துக்கொள்கிறாள். எங்களுக்குள் ஒரே ஒரு வழக்கு நடந்தது. தாள் விலை ஏறிய ஏற்றத்தில் காலாண்டிதழாக்கினால் என்ன என்று கேட்டாள். "மாமா, மூணு மாசத்துக்கொருக்க கனமாக் கொண்டுவருவோம். பாதுகாத்து வெப்பாங்க" என்றாள்.

"பாதுகாக்குறதுக்கு கன்னிமாரா இருக்கு தாயி. மழை பேஞ்சு மூணு மாசம் கழிச்சு மழைக் கணக்கு யாருக்கு வேணும்?" என்றேன்.

ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேரேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். திரும்பக் கூப்பிடாத எண்கள், திரும்பி வந்த பிரதிகள், 'முகவரியில் இல்லை' என்று தபால்காரர் எழுதிய உறைகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஊர் ஊராக விசாரித்தாள். போனவர்களில் பெரும்பாலோர் திருப்பூரில் இருந்தார்கள். பனியன் கம்பெனி வேலை. இரண்டு மூன்று தெருக்களில் கரிசல் ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பதால் இதழ் போய்ச் சேரவில்லை. தெருவுக்கு ஒரு மளிகைக் கடையைப் பேசி, அங்கே பெயர் எழுதிய பிரதிகளை மொத்தமாக அனுப்புகிறாள். அவர்கள் செல்போனில் பணம் கட்டிவிடுகிறார்கள். பணத்தோடு குறிப்பும் எழுதச் சொல்லியிருக்கிறாள். இதழ் மாத இதழாகவே வருகிறது. ஒன்பதாம் தேதி ராத்திரி திருப்பூர்க் கட்டு தனியாகக் கட்டப்பட்டு முதல் பஸ்ஸில் ஏறுகிறது. தபால் கட்டுகள் எப்போதும்போல் பத்தாம் தேதி காலையில்.